பத்தொன்பதில் நின்ற சக்கரம்

குளியலறைக் குழாயைத் திறக்க இரண்டேகால் சுற்று. அடுப்பு எரிவாயு உருளையின் திருகு ஒன்றரை. உப்பு ஜாடியின் மூடி மூன்று. இதெல்லாம் ஒண்ணக்காவுக்கு மனப்பாடம். அடுத்த அறையில் புருஷன் ஜாடியை மூடினால் இங்கே துணி மடித்துக்கொண்டே, "ரெண்டுதான் சுத்தியிருக்கீங்க, எறும்பு ஏறிடும்" என்பாள். அவர் திரும்பிப் போய்ப் பார்ப்பார். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கும். "இவகிட்ட ஒரு மூடியைக்கூட ஏமாத்த முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடுவார்.

அது பைத்தியம் இல்லை, அவளுடைய பிழைப்பு. பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுக்கும் கிணறுகளைப் பழுது பார்க்கும் ஒரு குழுவில் அவள் வால்வுக்காரி. கிணறு என்றதும் வாளியையும் கயிற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தாயிரம் அடி ஆழத்துக்கு, ஒரு கை நுழையும் அகலத்தில் இறங்கும் இரும்புக் குழாய் அது. தரைக்கு மேலே ஆளுயரத்துக்கு வால்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கீழே திமிறிக்கொண்டிருக்கும் வாயுவை அவைதாம் அடக்கி வைத்திருக்கின்றன.

கிணற்றுக்குள்ளே வேலை என்றால் மெல்லிய எஃகுக் கம்பியில் கருவியைக் கட்டி இறக்குவார்கள். திரும்ப இழுக்கும்போது கருவி, வால்வுகளின் உச்சியில் செங்குத்தாகப் பொருத்தியிருக்கும் நீளமான குழாய்க்குள் வந்து நிற்கும். ஆட்கள் அதற்கு நெட்டைக்குழாய் என்று பேர் வைத்திருந்தார்கள். கருவி முழுக்க நெட்டைக்குழாய்க்குள் ஏறியதும் அதற்கு அடியிலிருக்கும் வால்வை மூட வேண்டும். மேலே மிஞ்சியிருக்கும் வாயுவை வெளியே ஊதிவிட வேண்டும். அப்புறம்தான் குழாயின் கழுத்தில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றிக் கருவியை எடுக்கலாம். இவ்வளவுதான் வேலை. ஆனால் வால்வு முழுசாக மூடியதா இல்லையா என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இரும்புக்குள்ளே கண்ணா இருக்கிறது? எண்ணிக்கைதான் கண். திறக்க இருபத்தாறு சுற்று ஆனால் மூடவும் இருபத்தாறு ஆக வேண்டும். குறைந்தால் வால்வின் வாயில் ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காகவே ஒரு வழக்கம் இருந்தது. வால்வின் சக்கரத்தைச் சுற்றுகிறவர் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். இடையில் உதடு மட்டும் அசையும். அந்தக் கடைசி எண் காதில் விழாமல் கழுத்து நட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, குழுத் தலைவரே ஆனாலும் சரி. இவள் "ஒண்ணு" என்று ஆரம்பித்தால் வேலியோரம் நிற்கும் வண்டி வரைக்கும் கேட்கும். பேர் அப்படித்தான் வந்தது. சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது இவளுக்குப் பதினாறு, தம்பிக்கு ஏழு. அப்பா அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை, கேட்டாலும் சொல்வதாக இல்லை. தம்பிக்குச் சோறு போட வேண்டுமே என்று சாக்குத் தைக்கும் ஆலைக்குப் போனாள். அங்கே ஒரு தையல் கூடினாலும் வரிசை முழுக்கப் பிரிக்கச் சொல்வார்கள். எண்ணிக்கொண்டே பேசவும், எண்ணிக்கொண்டே சண்டை போடவும், எண்ணிக்கொண்டே அழவும்கூட அங்கே பழகிப்போயிற்று. பிறகு இந்தக் குழுவின் பணிமனையில் கருவிகளை டீசலில் கழுவும் வேலை கிடைத்தது. ஒருநாள் பழைய வால்வுக்காரருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. "சும்மா ரெண்டு நாளைக்கு நில்லும்மா" என்று இவளைச் சக்கரத்தருகே நிறுத்தினார்கள். அந்த இரண்டு நாள் இப்போது பதினெட்டு வருஷமாகிவிட்டது.

வண்டி ஓட்டுகிறவரை அங்கேதான் கட்டிக்கொண்டாள். தம்பியையும் அவளே கூட்டி வந்து சேர்த்தாள். பயல் கெட்டிக்காரன். கம்பியைத் தொட்டுப் பார்த்தே கீழே என்ன நடக்கிறது என்று சொல்கிற அளவுக்குத் தேறினான். முப்பத்துமூன்று வயதில் குழுவுக்கே தலைவனானான். அன்றைக்கு அவள் தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் வேலையிடத்தில் அக்காவும் தம்பியும் நின்றால் நாலு பேர் நாக்குச் சும்மா இருக்குமா? "தலைவருக்கு அக்காதான் தலைவர்" என்றார்கள். அவன் சிரிப்பான். சிரிப்பு போகப்போகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

அன்றைய வேலை ஓர் அடைப்பானை வெளியே எடுப்பது. ஒரு வருஷம் முன்பு கிணற்றை ஓய்வில் வைக்க உள்ளே இறக்கிப் பூட்டிய இரும்பு மூடி அது. இப்போது கிணறு மறுபடி வேண்டும் என்றார்கள். காலையில் வந்து இறங்கியதுமே இன்னொரு கிணற்றிலிருந்து ஆள் வந்து, "ஒரு நெட்டைக்குழாய்த் துண்டு குடுங்க, எங்களோடது வெடிப்பு விட்டிருக்கு" என்று நின்றான். இருந்தது மூன்று துண்டு. தம்பி கருவியைத் தரையில் நீட்டி வைத்து நாடாவால் அளந்தான். பதின்மூன்று அடி. ஒரு துண்டு எட்டு அடி, இரண்டு சேர்ந்தால் பதினாறு. "தாராளமா நுழையும், எடுத்துட்டுப் போ" என்றான். வின்ச் ஓட்டுகிறவர் தலையாட்டினார். கம்பியைச் சுற்றி இறக்குகிற அந்த வின்ச்சில் இருபது வருஷம் உட்கார்ந்தவர் அவர். அவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஒண்ணக்காவுக்கும் இல்லை. மூன்று பேருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எல்லாம் பொருத்தியானதும் வால்வைத் திறக்க அவள் மேடையில் ஏறிச் சக்கரத்தைப் பிடித்தாள். "ஒண்ணு!"

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். அவன் வந்து நின்ற விதமே சரியில்லை. அவள் பத்தைத் தாண்டிப் பதினொன்றுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, அடுத்த மாசத்திலேர்ந்து உன்னை ஸ்டோர் ரூமுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்."

சக்கரம் நிற்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பவும் இல்லை.

"உட்கார்ந்த வேலை. வெயில் இல்லை. உனக்கும் முட்டி வலிக்குதுன்னு சொல்றே. இங்க அக்கா தம்பின்னு ஆளாளுக்குப் பேசறாங்க, வீட்லயும் அதையேதான்..." என்றான்.

உதடு அசைந்துகொண்டே இருந்தது. யார் முட்டி வலி என்று சொன்னது? போன மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவை சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டானே. இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் தோளில் போட்டுக்கொண்டு நின்ற முட்டி இது.

"இருபத்தாறு!" என்றாள். சக்கரம் கல்லில் மோதியது போல நின்றது. இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

கருவி கீழே போனது, அடைப்பானைக் கவ்வியது. வின்ச்காரர் நாலு தட்டுத் தட்டியதும் பூட்டு விட்டது. மூன்று மணிவாக்கில் கருவி மேலே வந்து நெட்டைக்குழாயின் உச்சியை மெல்ல முட்டியது. "வந்தாச்சு! தலை முட்டிடுச்சு!" என்று வின்ச்காரர் கையைத் தூக்கினார். தம்பி, "மூடலாம்" என்றான்.

"ஒண்ணு!" என்றாள் ஒண்ணக்கா.

உதடு அசைந்தது. பத்து, பதினைந்து, பதினெட்டு. பத்தொன்பதில் சக்கரம் நின்றது.

இன்னொரு தடவை அழுத்தினாள். அசையவில்லை. காலையில் கல்லில் மோதியது போல நின்ற சக்கரம் இப்போது அப்படி நிற்கவில்லை. எலும்பு பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது போல, ஒரு மாதிரி மெத்தென்று நின்றது.

"என்னக்கா, எண்ணைச் சொல்லு" என்றான் தம்பி.

"பத்தொம்பது."

"என்னது?"

"பத்தொம்பதுல நிக்குது. இன்னும் ஏழு சுத்து இருக்கு."

தம்பி வந்து சக்கரத்தைத் தானே பிடித்து ஆட்டிப் பார்த்தான். "மணல் அடைஞ்சிருக்கும். ஒரு வருஷமா சும்மா கிடந்த வால்வு."

"காலையில திறக்கும்போது மணல் எங்க போச்சு?"

"கருவி ஏறி இறங்கினதுல கலைஞ்சு வந்திருக்கும்க்கா. வின்ச் அண்ணே, தலை முட்டிச்சா இல்லையா?"

"முட்டிச்சுப்பா, கம்பியில கையை வச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் வின்ச்காரர். அவர் சொன்னது பொய்யில்லை.

"கேட்டுக்கிட்டியா? கருவி மேலே வந்தாச்சு. வால்வுல மாட்ட அங்க எதுவும் இல்லை."

"ஏதோ இருக்குடா."

அவன் ஊதுகுழாயைத் திறந்தான். நெட்டைக்குழாயின் அடியிலிருந்து வேலிக்கு அப்பால் குழிவரைக்கும் போகும் விரல் தடிமன் குழாய் அது. புஸ்ஸென்று சீறியது. கொஞ்ச நேரத்தில் சீறல் தேய்ந்தது. ஊதுகுழாயின்மேல் வெள்ளைவெளேரென்று பனி பூத்தது. வாயு வெளியேறும்போது குழாய் சில்லிட்டுப்போவது வழக்கம்தான், யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சீறல் நின்றது. ஊதுகுழாயிலேயே பொருத்தியிருந்த, அழுத்தம் காட்டும் கடிகாரத்தின் முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது.

"பார்த்துக்கோ" என்று முள்ளைக் காட்டினான் தம்பி. "வால்வு மூடலேன்னா இது பூஜ்யத்துக்கு வருமா? கீழேர்ந்து வந்துக்கிட்டே இருக்காதா?"

முள் பூஜ்யம் என்கிறது, சக்கரம் பத்தொன்பது என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

"வால்வுல தொங்குற பலகையில இருபத்தாறுன்னு எழுதியிருக்கு" என்றாள்.

"அது பழைய வால்வுக்கு எழுதினது. போன வருஷம் வால்வை மாத்தினாங்க. பலகையை யாரும் மாத்தலை."

"காலையில நான் எண்ணினேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு சொல்லியே விட்டான். "காலையில நான்தான் பாதியில பேசினேனே. நீ எங்க எண்ணியிருக்கப் போறே? பலகையைப் பார்த்துட்டு இருபத்தாறுன்னு சொல்லியிருப்பே."

பதினெட்டு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகத்தில் அறைந்தது போல இருந்தது. அதைவிட மோசம் என்னவென்றால், கேட்டது உள்ளே இறங்கிவிட்டது. பதினொன்றில் அவன் வாயைத் திறந்தான். அப்புறம் முட்டி வலி ஞாபகம் வந்தது, காய்ச்சல் ஞாபகம் வந்தது. அத்தனையும் ஓடும்போது பன்னிரண்டும் பதின்மூன்றும் இருந்தனவா? கை சுற்றியது நிஜம். உதடு அசைந்ததும் நிஜம். உதடு எண்ணைச் சொன்னதா, அவனைத் திட்டியதா?

தம்பி மேல்மேடைக்கு ஏறினான். கழுத்து நட்டு அவன் மார்புக்கு நேராக இருந்தது. கையால் திருகிப் பார்த்தான். வரவில்லை. வாயு இல்லாத குழாயில் அது கையாலேயே கழன்று வரவேண்டிய நட்டு. "காலையில முறுக்கேத்திட்டோம் போல. அக்கா, அந்தப் பெரிய ரெஞ்சைக் குடு" என்று கையை நீட்டினான்.

ஒண்ணக்கா ரெஞ்சைப் பார்த்தாள். ஒரு முழத்துக்கு மேலே நீளம், பக்கத்திலேயே கிடந்தது. அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா!"

"நான் இன்னும் எண்ணைச் சொல்லலை. நீ நட்டுல கை வச்சதே தப்பு."

"சரி சொல்லு. இருபத்தாறுன்னு ஒரு வார்த்தை சொல்லு, வேலை முடியட்டும். அங்க வண்டிக்கு அடுத்த கிணத்துல காத்துக்கிட்டிருக்காங்க."

"பொய்யா எண்ணச் சொல்றியா?"

"காலையில நான் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு இப்படிப் பண்றே. உன்னை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பறேன்னுதானே இந்த ஆட்டம்? என்னை நாலு பேர் முன்னாடி நிக்க வைக்கணும், அதானே?"

வின்ச்காரர் கீழே பார்த்துக்கொண்டார். ஒண்ணக்காவுக்கே சந்தேகம் வந்தது. அப்படியும் இருக்குமோ? கோபத்தில்தான் பிடிவாதம் பிடிக்கிறாளோ? அது பொய் என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. நெஞ்சுக்குள்ளே கோபம் இருந்தது நிஜம், மலை போல இருந்தது. ஆனால் உள்ளங்கைக்குக் கோபம் தெரியாது. கை அந்த மெத்தென்ற நிற்பைத் தொட்டிருந்தது.

"நீ என்ன வேணா நினைச்சுக்கோ. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

அவன் விடுவிடுவென்று இறங்கி வண்டியை நோக்கிப் போனான். வண்டியின் பின்பெட்டியில் இன்னொரு ரெஞ்ச் இருந்தது.

வண்டிக்கருகே புருஷன் முக்காலி போட்டு உட்கார்ந்து வெந்நீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தார். நாளைக்கு ஆறு வேளை தேநீர் குடிக்கிறவர். இரண்டு குடுவை நிறையக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டார். "என்ன மாப்ளே, மூஞ்சி செவந்திருக்கு?" என்றார்.

"பெட்டிச் சாவியைக் குடுங்க மாமா. உங்க பெண்டாட்டி ரெஞ்சுமேல உக்காந்திருக்கா."

"அவ உக்காந்தா எழுப்பறது கஷ்டம். எனக்குப் பதினாறு வருஷ அனுபவம்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் மேடைப் பக்கம் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் எழுந்து நின்று அவரை நோக்கிக் கையை வீசிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவள் பார்வை ஊதுகுழாயில் ஒட்டியிருந்தது. பனி பூப்பது வழக்கம்தான். ஆனால் வாயு நின்று இவ்வளவு நேரமாகிறது, கொளுத்துகிற வெயில், பனி உருகவேண்டாமா? உருகவில்லை. வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை இன்னும் தடித்துக்கொண்டே போனது. வாயுவும் உள்ளேயிருக்கும் ஈரமும் சேர்ந்து குழாய்க்குள்ளே கட்டிக்கொண்டால்? குழாயே அடைத்துக்கொண்டால்? அப்போது சீறலும் நிற்கும், முள்ளும் பூஜ்யத்தில் படுக்கும். அடைப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்றுதானே முள் சொல்கிறது? அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"வெந்நீர் கொண்டாங்க! ரெண்டையும்!" என்று கத்தினாள்.

புருஷன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓடினார். ஆனால் தம்பி அவருக்கு முன்னால் வந்துவிட்டான், தோளில் ரெஞ்சோடு. ஏணியில் ஏறினான்.

"கைவைக்காதேடா!"

"போதும்க்கா."

ரெஞ்சின் வாய் நட்டைக் கவ்வியது. அவன் காலை ஊன்றி இழுத்தான். நட்டு கிறீச்சென்றது. கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தது.

ஒண்ணக்கா முதல் குடுவையை ஊதுகுழாயின் வெள்ளையில் கவிழ்த்தாள். ஆவி எழும்பியது. ஒன்றும் நடக்கவில்லை. தம்பி ரெஞ்சை எடுத்து மறுபடி மாட்டினான். அவள் இரண்டாவது குடுவையின் மூடியைத் திருகினாள். அந்த நேரத்திலும் உதடு எண்ணியது: ஒன்று, இரண்டு, இரண்டரை. கவிழ்த்தாள். வெந்நீர் விரல்மேல் வழிந்து சுட்டது. அவள் நகரவில்லை.

குழாய்க்குள்ளே பட்டென்று ஒரு சத்தம், காய்ந்த குச்சி ஒடிவது போல. அடுத்த நொடி வேலிக்கு அப்பால் குழியில் வாயு பிளிறிக்கொண்டு வெளியே வந்தது. படுத்திருந்த முள் எழுந்து கடிகாரத்தின் மறுகோடிக்குப் போய் அடித்துக்கொண்டு நடுங்கியது.

தம்பி கையில் ரெஞ்சோடு அப்படியே நின்றான். இரண்டாவது இழுப்புக்காகத் தோளை முறுக்கியிருந்தான். நட்டில் இன்னும் இரண்டு சுற்று மரை பிடித்திருந்தால் அதிகம். அது அவன் மார்புக்கு நேரே இருந்தது.

"இறுக்குடா!" என்று அலறினாள் ஒண்ணக்கா. "கழட்டினதைத் திருப்பி இறுக்கு! இறுக்கிட்டு இறங்கு!"

அவன் சின்னப் பிள்ளை போலச் சொன்னதைச் செய்தான். இறுக்கினான், இறங்கினான். அவள் ஊதுகுழாயை மூடினாள். பிளிறல் நின்றது. காதுக்குள்ளே மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

தம்பி மேடைப் படியில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. புருஷன் வெறும் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒண்ணக்கா தம்பியின் தலையைத் தடவுவாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அவள் தடவவில்லை. ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள்.

"எண்ணைச் சொல்லாம நட்டுல கை வைப்பியா? வைப்பியா?"

"அக்கா... கருவி மேலேதான் இருக்கு. தலை முட்டிச்சு. அப்ப வால்வுல என்னக்கா இருக்கு?"

வின்ச்காரர்தான் முதலில் விரலை மடக்கினார். மடக்கி, நிமிர்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார். "கருவி பதிமூணு அடி" என்றார். "போகும்போது பதிமூணு. வரும்போது தனியாவா வந்துச்சு? அடைப்பானையும் கவ்விக்கிட்டு வந்திருக்கேப்பா! அது ஆறு அடி!"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பதின்மூன்றும் ஆறும் பத்தொன்பது. நெட்டைக்குழாய் பதினாறு. தலை உச்சியில் முட்டிக்கொண்டிருக்கிறது, அடைப்பானின் கட்டைவிரல் தடிமன் வால் கீழே வால்வுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. போகிற நீளத்தை அளந்தவன் திரும்பி வருகிற நீளத்தை அளக்கவில்லை. காலையில் மூன்றாவது துண்டைத் தூக்கிக் கொடுத்ததும் அவன் கைதான்.

இனி அந்த வாலை வைத்துக்கொண்டு எதையும் கழற்ற முடியாது. கொண்டு வந்ததைத் திரும்ப அதன் இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்து, விட்டுவிட்டு, கருவி வெறுங்கையோடு மேலே வரவேண்டும். அப்புறம் மூன்றாவது துண்டையும் மாட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்த கிணற்றுக்குச் செய்தி சொல்லித் துண்டைத் திருப்பி வாங்கி வரப் புருஷன் வண்டியை எடுத்தார்.

ஒண்ணக்கா சக்கரத்தைப் பிடித்தாள். வாலை நசுக்காமல் ஒவ்வொரு சுற்றாகத் திறந்தாள். சரியாகப் பத்தொன்பதில் அது கல்லில் மோதியது போல நின்றது. காலையில் இருபத்தாறு என்றது நிஜம்தான் என்பதற்கு இது இன்னும் சாட்சி இல்லை. அவளும் அதை அறிந்திருந்தாள்.

கருவி இறங்கி அடைப்பானை விட்டுவிட்டு ஏறி வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. வின்ச்காரர் கையைத் தூக்கினார். "தலை முட்டிடுச்சு" என்றார். இந்த முறை மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒண்ணு!"

தம்பி மேல்மேடையில் நின்றான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். அவள் உதடு அசைந்தது. பத்தொன்பது வந்தது. இங்கே நின்றால்? இங்கேயே கல்லில் மோதினால், காலையில் எண்ணினது பொய் என்று ஆகிவிடும். வால் மாட்டியது வேறு விஷயம், அவள் எண்ணாமல் எண்ணைச் சொன்னவள் என்பது வேறு விஷயம். சக்கரம் நகர்ந்தது. இருபது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. அப்புறம் ஒன்று. கல்.

அவள் உடனே சொல்லவில்லை. முதலில் போய் ஊதுகுழாயைத் திறந்தாள்.

மேலே தம்பி அசையவில்லை. நட்டைப் பார்க்கவும் இல்லை. குனிந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சீறல் நின்றாயிற்று, முள் பூஜ்யத்தில் படுத்தாயிற்று, பனியும் உருகிச் சொட்டியாயிற்று. அப்படியும் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

"அக்கா?" என்றான்.

"இருபத்தாறு" என்றாள்.

நட்டு கையாலேயே கழன்று வந்தது.

மூன்று துண்டும் மாட்டி அடைப்பானை எடுத்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. திரும்பும் வழியில் தம்பி வண்டியில் வேலைக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினான். வால்வில் மணல் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், கேட்பாரில்லை. எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். நீளத்தைத் தப்பாக அளந்தது தலைவர், எண் சொல்லாமல் நட்டில் கை வைத்ததும் தலைவர் என்று இருந்தது.

"தலைவர் வேலையைப் பிடுங்கிடுவாங்கடா" என்றாள்.

"கொஞ்ச நாளைக்குப் பிடுங்குவாங்க."

பிடுங்கத்தான் செய்தார்கள், மூன்று மாதத்துக்கு.

"ஸ்டோர் ரூம் விஷயத்தை நாளைக்கே போய் வேணாம்னு சொல்லிடறேன்" என்றான் தம்பி.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். என் வாயால நானே சொல்லிக்கிறேன்."

"அங்க இவளுக்கு என்ன வேலை?" என்றார் புருஷன் சாலையைப் பார்த்துக்கொண்டே. "அந்தக் கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள். அதுல எண்ண என்ன இருக்கு?"

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. வின்ச்காரர் மட்டும் தூக்கத்தில் சிரித்தது போல இருந்தது. தம்பி குடுவையிலிருந்து அக்காவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மூடினான். வெந்நீர் பட்ட விரலில் துணி சுற்றியிருந்ததால் அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அரை" என்றாள் திரும்பாமலே.

அவன் இன்னும் அரைச் சுற்று சுற்றினான்.